தொடாமல் கண்டுபிடிப்பவர்

பேராசிரியர் டெட்லெவ் ஓல்டெகோப் வார்டைச் சுற்றி வருவது வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய் காலை. பின்னால் பதினொரு வெள்ளைக் கோட்டுகள், பதவி வரிசைப்படி. கடைசியில் தள்ளுவண்டியோடு வார்டு நர்ஸ், அதாவது நான். நோயாளியைத் தொடாமலே நோயைக் கண்டுபிடிப்பவர் என்று ஊரில் அவருக்குப் பெயர். வைத்தவரும் அவரே.

ஏழாம் அறையில் கேஷே பீட்டர்சன், பஸ் ஓட்டுநர். வால் எலும்புக்குப் பக்கத்தில் சீழ்க்கட்டி என்று மூன்று முறை கீறியாயிற்று. மூன்று முறையும் திரும்ப வந்தது. ஐந்து மாதமாக உட்கார முடியவில்லை. கோடைக்குள் உட்காராவிட்டால் டிப்போவில் சீட்டுக் கிழிந்துவிடும்.

"நாளைக்கு நாலாவது தடவை கீறிடுவோம்," என்றார் பேராசிரியர், சுவரைப் பார்த்து.

டாக்டர் ஸ்வான்ட்யே லூடர்ஸ் தொண்டையைச் செருமினாள். இடுப்புக்குழி அறுவையில் தனிப்பயிற்சி பெற்றவள். அதனாலேயே வரிசையில் ஒன்பதாவதாக நிறுத்தப்பட்டவள்.

"ஹெர் புரொபசர், ஸ்கேன்ல மலக்குடலுக்குப் பின்னால ஒரு பை தெரியுது. அறை அறையா இருக்கு. இது சீழ்க்கட்டியே இல்ல, பிறவியிலேயே தங்கிப்போன நீர்க்கட்டி. ரொம்ப அபூர்வம். கீறினா போகாது, முழுசா எடுக்கணும்."

"முப்பது வருஷத்துல நான் ஒண்ணுகூடப் பார்த்ததில்ல."

"பார்க்கணும்னா விரல விடணுமே," என்றாள் குப்புறக் கிடந்த கேஷே.

வெள்ளைக் கோட்டுகள் ஜன்னலைப் பார்த்தன.

"ஃப்ராவ் பீட்டர்சன், அதெல்லாம் செஞ்சாச்சு. ஃபைல்ல மூணு தடவையும் இருக்கு. 'மலக்குடல் இயல்பு.'"

"யாரு செஞ்சது? மூணு தடவையும் நான் கூடவேதானே இருந்தேன். ஒருத்தரும் வரலயே!"

உண்மைதான். முதல் தடவை யாரோ எழுதியதை மற்ற இரண்டு தடவையும் அப்படியே பிரதி எடுத்திருந்தோம். பேராசிரியர் கையெழுத்திட்ட வாக்கியத்தை எங்கள் வார்டில் யாரும் சரிபார்ப்பதில்லை. சரிபார்த்தால் அதற்குப் பெயர் கலகம்.

"கையுறை!" என்றார் பேராசிரியர். பெட்டி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எடுத்துக் கொடுத்தேன்.

"டிக்கெட் இல்லாதவங்க எல்லாம் இறங்குங்க," என்றாள் கேஷே. பேராசிரியரையும் ஸ்வான்ட்யேயையும் என்னையும் தவிர எல்லோரும் வெளியேறினார்கள்.

விரல் போனது. பேராசிரியரின் முகம் மாறியது.

"பின்சுவர்ல உருண்டையா ஏதோ..." சட்டென்று நிமிர்ந்தார். "நான் சந்தேகப்பட்ட மாதிரியேதான்! ஊசி போட்டு உறிஞ்சிப் பார்ப்போம்."

"வேண்டாம்," என்றாள் ஸ்வான்ட்யே. "உள்ள புற்று இருந்தா ஊசி போன வழியெல்லாம் பரவிடும்."

"யார்கிட்ட பேசுறீங்கன்னு தெரியுதா?"

"என்கிட்ட," என்றாள் கேஷே. "ஊசிக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். இந்த டாக்டர் முழுசா எடுக்கட்டும். இல்லேன்னா ஸ்கேனை எடுத்துக்கிட்டு ஹாம்பர்க் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். ஃபைலையும் சேர்த்து."

பேராசிரியருக்கு ஹாம்பர்க் என்ற சொல்லே மூலநோய் மாதிரி. சம்மதித்தார்.

வால் எலும்பின் நுனியோடு சேர்த்து, பையை உடையாமல் எடுத்தாள் ஸ்வான்ட்யே. புற்று இல்லை.

ஆறு வாரம் கழித்து கேஷே சோதனைக்கு வந்தபோது பேராசிரியர் ஒரு படிவத்தோடு காத்திருந்தார். 'ஓல்டெகோப் கண்டறிந்த அபூர்வக் கட்டி' என்று மாநாட்டில் அவள் படங்களைக் காட்டச் சம்மதம் வேண்டுமாம்.

கேஷே அதை வாங்கி நான்காக மடித்து மர நாற்காலியில் வைத்தாள். அதன்மேல் மெதுவாக உட்கார்ந்தாள். முகம் லேசாகச் சுளித்தது, எழவில்லை.

"ம், இப்ப சொல்லுங்க," என்றாள்.