காந்தாரிக் கமறல்

1957 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை. போடிமெட்டுக்கு அப்பால் பூப்பாறை போகும் வழியில் உள்ள ஓர் ஏலத்தோட்டத்துக்குப் போடியிலிருந்து ஜீப்பில் ஒரு கம்பவுண்டர் வந்தார். அவருடைய பெட்டியில் சளி எடுப்பதற்கான மூடி போட்ட சீசாக்கள் இருந்தன.

ஜீப்பு கடைசி வளைவில் முனகி ஏறும் சத்தம் கேட்டபோது ஒச்சம்மாள் வாசலில் குனிந்து காந்தாரி மிளகாய் பறித்துக்கொண்டிருந்தாள். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் ஆறாவது வீடு அவளுடையது. லயத்துக்கு முன்னால் இருந்த மண் தோட்டத்துக்குச் சொந்தம். அதில் ஒரு பிடி கீரை முளைத்தாலும் கங்காணி பால்சாமி காலால் எத்திவிடுவான். டின்னில் வைத்தால் கேட்க ஆளில்லை. மண்ணெண்ணெய் டின்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, சோலைக்குள்ளிருந்து அள்ளிவந்த கருமண்ணில் சாம்பலும் மக்கின சாணியும் கலந்து பத்துச் செடி வளர்த்திருந்தாள். மழை இறங்கினால் டின்களைக் கூரைக்கு அடியில் இழுத்துப் போடுவாள். வெயில் எட்டிப் பார்த்தால் மறுபடி வெளியே தள்ளுவாள். கொஞ்சம் அசந்தால் வேர் அழுகிவிடும். இலை சுருண்டால் விடியற்காலை ஈரத்தில் சாம்பல் தூவுவாள். பழுத்ததை அடுப்புக்கு மேலே முறத்தில் காயப்போடுவாள்.

ஒரு குழம்புக்கு நாலு காந்தாரி போதும். மீதி எதற்கு என்பது அவளுக்கும் அவள் புருசன் சோலைமலைக்கும் மட்டும்தான் தெரியும்.

சோலைமலை ஸ்டோரில், அதாவது ஏலக்காய் வாட்டும் கட்டடத்தில், அடுப்பு எரிப்பவன். தை மாதத்திலிருந்து அவனுக்கு இருமல். அடுப்புப் புகை என்று முதலில் விட்டுவிட்டார்கள். சித்திரையில் துண்டில் ரத்தம் பட்டது. அந்தத் துண்டை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் ஓடையில் தனியே அலசினாள் ஒச்சம்மாள்.

முந்தின வருசம் விறகு வெட்டும் மாசானத்துக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. பால்சாமி மானேஜரிடம் போய்ச் சொன்னான். மறுநாள் மாசானத்தையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் சட்டி பானையோடு லாரியில் ஏற்றிக் கீழே இறக்கிவிட்டார்கள். போடியில் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு புளியமரத்தடியில் கிடந்து செத்தான் என்று அந்த லாரி டிரைவரே பிறகு வந்து சொன்னான். சோலைமலைக்கும் கீழே நிலமும் இல்லை, வீடும் இல்லை. இறக்கிவிட்டால் அவர்களுக்கும் மரத்தடிதான்.

கங்காணி ஆள் எழுப்ப வரும் காலை நேரத்தில்தான் இருமல் பிடித்து உலுக்கும். வைகாசியில் ஒருநாள் முறத்திலிருந்த காந்தாரி தவறி அடுப்பில் விழுந்தது. லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரை எட்டாது. கமறல் எல்லா வீட்டுக்கும் பரவி, மொத்த லயமும் இருமியது. வாசலில் நின்ற பால்சாமியும் இருமினான். அத்தனை இருமலில் சோலைமலையின் இருமல் கரைந்து போனது. அன்று ஒச்சம்மாள் ஒன்றைக் கற்றுக்கொண்டாள். பிறகு, பால்சாமி தலை தெரியும் காலையெல்லாம், புருசனுக்குத் திருஷ்டி கழிப்பதாகச் சொல்லி மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள்.

பக்கத்து வீட்டு முத்துப்பேச்சிதான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாள்.

"ஏ ஒச்சு, கண்ணு பட்டிருந்தா மிளகா கமறாதுடி. இப்பிடிக் கமறுதுன்னா, உம் புருசனை ஒரு சிறுக்கியும் ஏறெடுத்துப் பாக்கலைன்னு அர்த்தம்."

"ஏன், நீ பாக்குறியே, போதாதா?"

"பாக்குற மாதிரியா இருக்காரு? காஞ்ச ஏலத்தட்டைக்கு வேட்டி கட்டிவிட்டாப்புல!"

ஒச்சம்மாளும் சேர்ந்து சிரித்தாள். உள்ளே வந்து புருசனின் தோள் எலும்பைப் பார்த்தாள்.

கம்பவுண்டர் வருகிற செய்தியையும் இரண்டு நாள் முன்னால் முத்துப்பேச்சிதான் கொண்டுவந்தாள். "இருமுறவகளுக்கு ஏதோ புது மாத்திரையாம். தின்னா சரியாப் போயிருமாம். சோலிய விட்டு நிப்பாட்ட மாட்டாகளாம். கங்காணி சொன்னாரு."

"மாசானத்தையும் ஆசுபத்திரிக்குன்னு சொல்லித்தான லாரியில ஏத்துனாரு?"



சோலைமலைக்கு ஆசை இருந்தது. "எதுக்கும் ஒரு வார்த்த கேட்டுப் பாப்பமா?" என்றான்.

"கேட்டா பேரு எழுதுவாக. பேரு எழுதுனா லாரி வரும். நீங்க பேசாம இருங்க."



ஜீப்பை விட்டு இறங்கிய கம்பவுண்டர் ஜெபமணி முதல் வீட்டில் நுழைந்தபோது ஒச்சம்மாள் முறத்தில் காய்ந்திருந்ததையும் அன்று பறித்த பழத்தையும் ஒன்றாகச் சேர்த்துக் காய்ந்த இரும்புச் சட்டியில் கொட்டினாள். அதுவரை ஒரு தடவையிலும் அவ்வளவு போட்டதில்லை. ஜெபமணி ஆறாவது வீட்டுக்கு வரும்போது கைக்குட்டை மூக்கில் இருந்தது, கண்ணில் தண்ணீர் வழிந்தது. பின்னால் பால்சாமி தூணைப் பிடித்துக்கொண்டு இருமினான். முத்துப்பேச்சி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

"யாரும்மா இது, லயத்தையே கொளுத்துறது?"

"திருஷ்டி கழிச்சேன், ஐயா."

"நான் வேதக்காரன், தாயே. எனக்கு எந்தக் கண்ணும் படாது. என்னை விட்டுரு." கூட்டம் இருமலுக்கு நடுவே சிரித்தது. "வீட்டுல இருமல் யாருக்காவது உண்டா?"

"இந்தக் கமறல்ல உங்களுக்கே உண்டே, ஐயா."

மறுபடியும் சிரிப்பு. உள்ளே இருட்டில் சோலைமலை துண்டைப் பல்லில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"எல்லாரும் இருமுனா நான் யாருகிட்டன்னு சளி எடுக்குறது?" என்ற ஜெபமணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த லயத்துக்குப் போனார். அங்கே லோடு தூக்கும் வெள்ளைத்துரை தானாகவே முன்வந்து சீசாவில் துப்பிக் கொடுத்தான்.

ஜீப்பு போன பிறகு ஒச்சம்மாள் புருசனின் வாயிலிருந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். பாதித் துண்டு சிவந்திருந்தது.

வெள்ளைத்துரையை ஏற்றிக்கொண்டு போக லாரி எதுவும் வரவில்லை. பத்து நாள் கழித்து அவனுக்கு மாத்திரை வந்தது. வாராவாரம் பால்சாமியே பொட்டலத்தைக் கையில் கொடுத்தான். புரட்டாசியில் வெள்ளைத்துரைக்குக் கன்னத்தில் சதை வைத்துவிட்டது, பழையபடி மூட்டை தூக்கினான். ஏலக்காய் எடுக்கப் போகும்போதெல்லாம் ஒச்சம்மாள் அவனைப் பார்த்தாள். சோலைமலை அப்போது பாயை விட்டு எழுவதில்லை. ஸ்டோர் அடுப்புக்கு வேறு ஆள் போட்டிருந்தார்கள். இடுப்புப் பிடிப்பு என்று அவள் சொல்லியிருந்தாள்.

ஒருநாள் காலை பால்சாமியை வழியில் மறித்தாள்.

"கங்காணி அண்ணே, எங்க வீட்டுக்காரருக்கு இருமல். தை மாசத்துல இருந்து இருக்கு."

பால்சாமி அவளையே பார்த்தான். "தை மாசத்துல இருந்தா? கம்பவுண்டர் உன் வாசல்ல வந்து நின்னாரே, அப்ப வாயில என்ன வச்சிருந்த?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மருந்து எங்கிட்ட இல்ல. அடுத்த நடை அவரு வர்றப்ப பாப்போம். அதுக்குள்ள ரொம்ப முடியலன்னா வெரசா வந்து சொல்லு, மானேஜர்கிட்ட கேட்டு ஜீப்புல கீழ அனுப்பலாம்."

ஐப்பசி மழையில் போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்தது. வளைவு ஒன்று பாதி காணாமல் போனது. லாரி, ஜீப்பு எதுவும் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கம்பவுண்டர் வரவில்லை. சோலைமலை நடக்கிற நிலையில் இல்லை, சுமந்து இறங்குகிற மழையாகவும் இல்லை. விசயம் தெரிந்து வெள்ளைத்துரை தன் பொட்டலத்திலிருந்து நாலு மாத்திரை எடுத்துக் கொடுத்தான். நாலும் நாலு நாளில் தீர்ந்தன.

ஒச்சம்மாள் அதன் பிறகு அடுப்பில் மிளகாய் போடவில்லை. டின்களை மழைக்கு உள்ளே இழுக்கவும் இல்லை. ஆறாவது வீட்டு இருமல் மொத்த லயத்துக்கும் கேட்டது. முத்துப்பேச்சி ஒருநாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல, ஆத்தா" என்றாள். சொல்லும்போது அவளுக்கும் இருமல் வந்தது.

நவம்பர் 13 அன்று சோலைமலை இறந்தான். பதினெட்டாம் தேதி பாதை திறந்து ஜீப்பு வந்தது. ஜெபமணி லயத்தில் எல்லாரிடமும் சளி எடுத்துக்கொண்டு போனார். ஒச்சம்மாளுக்கும் முத்துப்பேச்சிக்கும் முத்துப்பேச்சியின் மூத்த பிள்ளைக்கும் அதே காசநோய் இருந்தது. மூன்று பேருக்கும் மாத்திரை கொடுக்கப்பட்டது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை.