உமித் தட்டு

தைச்சுங் நகரக் கல்லூரி ஒன்றில், பொருள் வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கு லியாவ் மூலப்பொருள் பாடம் எடுத்து வந்தார். பிளாஸ்டிக்கோடு எதையாவது கலந்துவிட்டு இயற்கைப் பொருள் என்று சொல்பவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

பருவ இறுதியில், அவரவர் செய்ததை வகுப்பின் முன் விளக்க வேண்டும். பெய்-ஷான் என்ற மாணவி, நெல் உமியையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அச்சில் அழுத்திய சாப்பாட்டுத் தட்டோடு மேடையேறினாள். அழகான தட்டு. அவள் பாதி பேசும்போதே லியாவ் எழுந்துபோய் அதைக் கையில் வாங்கினார்.

“இது மக்குமா?”

“சார், அதைத்தான் இப்ப…”

“மக்காது. திரும்ப உருக்க முடியுமா?”

“முடியாது சார், ஆனா…”

“அப்ப இது என்ன? பச்சைச் சட்டை போட்ட குப்பை!”

வகுப்பே சிரித்தது. அவர் தட்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி உடைத்தார். உடைந்த இடத்தைக் காட்டி, உமியையும் பிளாஸ்டிக்கையும் இனி எவராலும் பிரிக்க முடியாது என்று நெடுநேரம் விளக்கினார். பாடம் நன்றாக அமைந்துவிட்ட திருப்தியில் அடுத்தவனைக் கூப்பிட்டார்.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது பெய்-ஷான் வரவில்லை. படிப்பை விட்டுவிட்டாளாம். ஒரு சொல் தாங்காத பிள்ளைகள் என்று முதலில் எரிச்சல்பட்டார். ஆனாலும் மனம் கேட்கவில்லை. அவள் தோழியிடம் விசாரித்தார்.

“லூகாங்ல அவங்க அம்மாவோட டிபன் கடையில இருக்கா சார். பார்த்துப் போங்க, அவங்க அம்மா கையில எப்பவும் தோசைத்திருப்பி இருக்கும்.”

சனிக்கிழமை காலை போனார்.

“வாங்க அழகா, என்ன போடட்டும்?” என்றாள் கல்லருகே நின்றிருந்த அம்மா. வழுக்கைத் தலையரானாலும் அவளுக்கு எல்லாரும் அழகர்கள்தான். உள்ளேயிருந்து வந்த பெய்-ஷான், “அம்மா, எங்க சார்” என்றாள்.

“ஓ, தட்டை உடைச்சாரே, அவரா?” என்று அம்மா ஒரு முட்டையைக் கல்லில் உடைத்து ஊற்றினாள்.

பெய்-ஷான் சோயாபால் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு நீங்க சொன்னதெல்லாம் சரிதான் சார்.”

“அப்புறம் ஏம்மா விட்டுட்டுப் போன?”

“அது எனக்கு முன்னாடியே தெரியும் சார். ஒரு தட்டை மொட்டைமாடித் தொட்டியில புதைச்சு வெச்சிருந்தேன். மழைக்காலம் முழுக்க மண்ணுக்குள்ள கிடந்துச்சு. எடுத்துக் கழுவினா, புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. நான் தோத்துட்டேன், ஏன் தோத்தேன்னு சொல்லத்தான் மேடைக்கே வந்தேன். நீங்க உடைச்சது அந்தத் தட்டு.”

லியாவ் சோயாபாலைத் தள்ளி வைத்தார்.

“திரும்பி வந்துடேன். நான் துறைத்தலைவர்கிட்ட பேசறேன்.”

“கணக்கியல்ல சேர்ந்துட்டேன் சார். அங்க தப்புன்னா அழிச்சிட்டுத் திரும்ப எழுதச் சொல்றாங்க, அவ்வளவுதான்.”

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவள் எழுந்து ஓடினாள். “மன்னிச்சிடும்மா” என்று அவர் சொன்னது, கல்லின் இரைச்சலில் அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. “சாருக்கு மிளகாய்ச் சாஸ் வேணுமான்னு கேளும்மா!” என்று அம்மாவிடம் அவள் சொல்லும் குரல் மட்டும் வந்தது.

முட்டை அடையைப் பாதியில் வைத்துவிட்டுப் பேருந்து ஏறினார். எந்த மண்ணில் புதைத்தாள், எவ்வளவு ஆழத்தில், உமியைக் கூட்டிப் பார்த்தாளா, அடுத்து எதைக் கலந்து பார்க்க நினைத்திருந்தாள்? வழியெல்லாம் ஒவ்வொன்றாகத் தோன்றிக்கொண்டிருந்தன, அன்று வகுப்பில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள்.