சைஃபுல்லா பாயின் வயிற்றெரிச்சல்

இளஞ்செழியன் தன் வீட்டு மொட்டைமாடியில் சோலார் தகடுகளைப் பொருத்திய அன்று, எதிர்வீட்டு சைஃபுல்லாவின் வயிறு எரியத் தொடங்கியது. சாயங்காலத்துக்குள் அவருடைய சட்டைப் பொத்தான்கள் உருகி ஒவ்வொன்றாக மடியில் சொட்டின. மனைவி வஜீதா அவற்றைச் சுரண்டிப் போட்டுவிட்டு, இனிமேல் வீட்டில் பனியன் போதும் என்றாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து விரலை உதறிக்கொண்டார், அல்சர் இல்லை என்றார், மோர் குடிக்கச் சொன்னார். குடித்த மோர் உள்ளே போன வேகத்தில் ஆவியாகி ஏப்பமாக வெளியே வந்தது. சில நாட்களில் வீட்டுக்கு எல்லாம் பழகிவிட்டது. காலையில் அவர் பேப்பர் படிக்க உட்கார்ந்ததும் வஜீதா பால் பாத்திரத்தை அவர் வயிற்றோடு சாய்த்து வைத்துவிட்டு வாசல் பெருக்கப் போவாள். ரம்ஜானுக்கு வாங்கிய சிலிண்டர் பக்ரீத் தாண்டியும் வந்தது.

திருவண்ணாமலையில் பேகோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தத் தெருவில் இரண்டு பேரும் ஒன்றாக வளர்ந்தவர்கள், ஒன்றாகவே ஜெனரேட்டர் வாடகைக் கடை வைத்தவர்கள். பாதி நாள் கரண்ட் இல்லாத அந்த வருஷங்களில் ஊரின் கல்யாணங்களில் பாதி அவர்கள் வெளிச்சத்தில்தான் நடந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதை ஜூஸ் கடைகள், கீழ்பென்னாத்தூர் பக்கம் கூத்து, மீட்டிங், காதுகுத்து என்று எங்கே போனாலும் பின்பக்கம் அவர்களுடைய இயந்திரம் புகைவிட்டுக்கொண்டு நிற்கும். பிறகு கரண்ட் போவது கம்மியானது, டீசல் விலை ஜாஸ்தியானது, புகை பட்டு மணப்பெண்ணுக்கு இருமல் வருகிறது என்று மண்டபக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இளஞ்செழியன் சண்டை எதுவும் போடாமல், சிரித்த முகமாகவே பிரிந்துபோய் சோலார் வியாபாரம் தொடங்கினார். சண்டை போட்டிருந்தால் சைஃபுல்லா தாங்கியிருப்பார். கயிறு இழுக்க வேண்டாம், டீசல் ஊற்ற வேண்டாம், ஆள் ஃபேனுக்கடியில் சாய்ந்திருக்க வெயில் வந்து வேலை செய்துவிட்டுப் போனது. அக்னி நட்சத்திரத்தில் ஊரே சூரியனைத் திட்டிக்கொண்டு நடக்கும்போது, அண்ணாந்து பார்த்துப் புன்னகை செய்த ஒரே ஆள் எதிர்வீட்டு மாடியில் நின்றார். மிஞ்சிய கரண்ட் மின்வாரியத்துக்கே திரும்பிப் போகிறது என்று கேள்விப்பட்ட அன்று சைஃபுல்லாவின் பனியனில் ரொட்டி வடிவத்தில் ஒரு கருகல் விழுந்தது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் படிக்கும் மகள் சதஃப் ஈரத்துணியை அவர் வயிற்றில் போட்டு, குப்பென்று எழும்பிய ஆவியை யோசனையோடு பார்த்தாள்.

"அத்தா, நெய்வேலியிலயும் இதத்தான் பண்றாங்க. அங்க நிலக்கரி, இங்க நீங்க."

சூட்டில் தண்ணீர் ஆவியாகும், ஆவி சக்கரத்தைச் சுற்றும், சக்கரத்தோடு காந்தம் சுற்றினால் சுற்றியிருக்கும் செம்புக் கம்பியில் கரண்ட் பிறக்கும் என்று அவள் விளக்கினாள். காற்றாலையில் சக்கரத்தைக் காற்று சுற்றுகிறது, அணையில் தண்ணீர் சுற்றுகிறது, உங்கள் ஜெனரேட்டரில் டீசல் சுற்றியது. சோலாரில் மட்டும் சுற்றுவதற்கு எதுவுமே கிடையாது, வெயில் பட்டாலே போதும்.

"அவனுக்குச் சக்கரம்கூட வேணாமா?" என்றார் சைஃபுல்லா. ஈரத்துணி தீப்பிடித்துக்கொண்டது.

லேத் பட்டறை வேணு ஒரு பழைய ஜெனரேட்டரின் இன்ஜினைக் கழற்றிவிட்டு, கரண்ட் எடுக்கும் பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டு, சின்னதாக ஒரு ஆவிச்சக்கரம் கடைந்து மாட்டினான். பிரியாணி தேக்சாவில் தண்ணீர் நிரப்பி, மூடியை போல்ட் போட்டு முடுக்கி, குழாய் இறக்கினார்கள். சைஃபுல்லா கூடத்தில் சம்மணம் போட்டு அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியே எதிர்வீட்டு மாடியைப் பார்த்தார். பல்பு எரிந்தது. பார்க்க வந்த லைன்மேன் டீ குடித்தார், வயரிங் நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் யாராவது பாயைப் புகழ்ந்தால் வெளிச்சம் மங்கியது. நல்ல சாப்பாடு சாப்பிட்டால் மங்கியது. அதனால் வஜீதா சமையலைச் சுமாராக்கிக்கொண்டு, வேலைக்குத் தகுந்த செய்தியைக் கையில் வைத்திருந்தாள். செழியன் வீட்டில் ஏசி வாங்கியிருக்கிறார்களாம் என்றால் மிக்சி ஓடும். அவர் மகள் சிந்துஜாவுக்கு மெடிக்கல் சீட் கிடைத்துவிட்டதாம் என்றதற்கு மேல்தொட்டி நிறையும்வரை மோட்டார் ஓடியது.

"நிலக்கரி ஒரு நாள் தீந்துடும், டீசலும் தீந்துடும். வெயிலும் காத்தும் தீராது. இது எந்த வகை அத்தா?" என்று சதஃப் கேட்டாள். அவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார். அவருக்கே தெரியவில்லை.

கார்த்திகை தீபம் முடிந்த கையோடு புயல் வந்தது. கம்பங்கள் சாய்ந்தன, ஏரிகள் நிரம்பி வழிந்தன, ஆஸ்பத்திரி ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது, டீசல் லாரி ஊருக்குள் வரவில்லை. மேகத்துக்குக் கீழே எதிர்வீட்டுத் தகடுகள் கல் பலகைகளாகக் கிடந்தன. பேட்டரியில் சேர்த்துவைத்ததும் தீர்ந்த ஒரு மத்தியானத்தில், இளஞ்செழியன் தன் அம்மா சந்திரம்மாளைத் தூக்கிக்கொண்டு தெருத்தண்ணீரில் இறங்கி வந்தார். ஆக்சிஜன் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு சிந்துஜா பின்னால் வந்தாள். கடை பிரிந்த பிறகு அவர் அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் தடவை.

"சைபு, அம்மாவுக்கு மூச்சு நிக்குதுடா. இந்த மிஷினுக்குக் கரண்ட் குடு."

சைஃபுல்லா ஓடிப்போய் தேக்சாவைக் கட்டிப்பிடித்தார். வயிறு குளிர்ந்திருந்தது. எதிரே தாடையில் நீர் சொட்ட, லுங்கி நனைந்து, நடுங்கிக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்க்கப் பாவமாக இருந்ததே தவிர வேறொன்றும் தோன்றவில்லை. வஜீதா தனக்குத் தெரிந்த செய்தியையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். ஏசி, மெடிக்கல் சீட், புது வண்டி எல்லாம் அந்த மழையில் அற்பமாகக் கேட்டன. விஷயம் புரிந்துகொண்ட இளஞ்செழியன் எதிரில் உட்கார்ந்து பெருமையடிக்கத் தொடங்கினார்.

"அடி அண்ணாமலையில மட்டும் எத்தன வூட்டுக்குப் போட்டேன் தெரியுமா. கலெக்டர் ஆபீஸ்ல கூப்ட்டுப் பேசுனாங்க. நீ தொட்டதெல்லாம் புகை, நான் தொட்டதெல்லாம்…" அதற்கு மேல் குரல் உடைந்தது. சைஃபுல்லா அழுதார். தேக்சா இன்னும் குளிர்ந்தது. சந்திரம்மாளின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது.

அப்போது அவள் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தாள். "தல நனைஞ்சிருக்கே செழியா" என்று மூச்சுக்கிடையில் சொல்லி, முந்தானையை இழுத்து அவர் தலையைத் துவட்டினாள்.

பல்பு கண்ணைப் பறிக்கிற மாதிரி எரிந்தது. சைஃபுல்லாவின் தாய் அவர் பிறந்த அன்றே மௌத்தானவள். பள்ளிக்கூடம் விட்டு மழையில் நனைந்து இரண்டு பையன்களும் எதிர்வீட்டுக்குள் ஓடும்போதெல்லாம் சந்திரம்மாள் தன் பிள்ளையின் தலையை முந்தானையால் துவட்டுவாள், சைஃபுல்லாவின் கையில் ஒரு துண்டைக் கொடுப்பாள். நல்ல துண்டு, வெயிலில் காய்ந்தது, குறை சொல்ல எதுவுமில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை. சோலார் தகடுகள் வருவதற்கு எவ்வளவோ காலத்துக்கு முன்னால் மூண்ட எரிச்சல் இது என்று, தேக்சா விசிலடித்த அந்த நேரத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. ஆக்சிஜன் மிஷின் உறுமி ஓடத் தொடங்கியது.

சந்திரம்மாள் பல்பைப் பார்த்தாள், தேக்சாவைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு மகனின் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை. வஜீதா கஞ்சி கொண்டுவந்தால் பாதியை அவருக்கு ஊட்டினாள். ஐம்பது தாண்டிய இளஞ்செழியன் வெட்கத்தோடு வாயைத் திறந்தார். சைஃபுல்லா இருந்த பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவர் பனியன் பொசுங்கி, கன்னத்தில் கரி படிய எரிந்துகொண்டே இருந்தார். மிஷினுக்குப் போக மிஞ்சியதில் தெருக்காரர்கள் வந்து செல்போன் சார்ஜ் போட்டுக்கொண்டார்கள்.

ஊருக்குக் கரண்ட் வந்த அன்று சந்திரம்மாள் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, "சைபு, இங்க வாடா" என்றாள். அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் முந்தானையால் அவர் தலையையும் கழுத்தையும் துடைத்தாள். சேலையிலிருந்து இஸ்திரி போட்ட வாசனை வந்தது.

"வேணும்னுதான் உன்னப் பாக்காம இருந்தேன்."

"தெரியும்மா."

பொங்கல்வரை வயிறு சாதாரணமாக இருந்தது. வஜீதா மறுபடி கேஸ் வாங்கினாள். தை பிறந்ததும் எதிர்வீட்டு மாடியில் இன்னொரு வரிசைத் தகடு ஏறியது, பாயின் சட்டைப் பொத்தான்கள் மறுபடி சொட்டின. இது வெயில் வகைதான் என்று சதஃப் முடிவுக்கு வந்தாள்.

இப்போது அந்தத் தெருவில் கரண்ட் போனால் யாரும் ஃபோன் பண்ணிப் புகார் சொல்வதில்லை. சந்திரம்மாள் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அவள் மகனைக் கூட்டிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்து, தேக்சாவுக்கு எதிரில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மகன் தலையில் கை வைக்கிறாள். விளக்கெல்லாம் எரிகிறது. வாரியத்துக் கரண்ட் திரும்பி வந்த பிறகு சைபுவைக் கூப்பிட்டு முந்தானையால் தலையைத் துடைக்கிறாள். சில நாள் வாரியத்து ஆட்கள் சீக்கிரம் சரிசெய்துவிடுவார்கள், சில நாள் நேரமாகும். சைஃபுல்லா காத்திருக்கிறார்.