நாலு மணிக்குப் புரட்டணும்

முப்பது வருஷம் பஸ் ஓட்டியவள். புற்றுநோய் முதுகெலும்பில் இறங்கியபின் தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. ஊசி போட்டு உயிரை முடித்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்காக டாக்டர் கொடுத்த சம்மதப் படிவம் தலைமாட்டில் கிடந்தது. கேள்விப்பட்டு, போதகரான அண்ணன் பதறியடித்து வந்தார். புத்த பிக்குணியாகிவிட்ட தங்கை, சின்னவள், அவருக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். மதம் மாறிய நாளிலிருந்து அவளிடம் முகம்கொடுத்துப் பேசாதவர் அவர். அன்று மட்டும் இருவரும் ஒரே கட்சி.

"உயிர் கர்த்தர் கொடுத்ததும்மா. எடுக்க நாம யாரு?" என்றார் அண்ணன்.

"கொல்லணும்னு நினைச்சு ஊசி போட்டா, போடறவங்களுக்கும் பாவம்க்கா. கடைசி நேரத்துல உன் மனசும் கலங்கிடும்," என்றாள் சின்னவள்.

"பேசி முடிச்சாச்சா?" என்றாள் படுத்திருந்தவள். "இருக்கச் சொல்றவங்க கூட இருந்து பாருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா என்னைப் புரட்டணும். அண்ணே, நாலு மணிக்கு உங்க முறை."

எத்தனையோ பேரை அடக்கம் செய்தவருக்கு ஒருத்தியைப் புரட்டத் தெரியவில்லை. சின்னவள் தோளைப் பிடிக்க, அவர் இடுப்பைத் தாங்கினார். படுத்திருந்தவள் அலறினாள். சொல்ல வைத்திருந்த வசனத்தை விட்டுவிட்டு, அவள் முதுகுக்குத் தலையணையை அண்டக்கொடுத்தார்.

மூன்றாம் நாள் அவரே டாக்டரை மறித்தார். "வலி மருந்தைக் கூட்டுங்க."

"மூச்சு குறையலாம். பரவாயில்லையா?"

அவர் சின்னவளைப் பார்த்தார்.

"கொல்றதுக்கில்லையே, வலிக்குத்தானே," என்றாள் அவள்.

"எங்க சபையும் அதைத் தடுக்காது," என்றார் அவர்.

"அப்பாடா, ரெண்டு பேரும் ராசியாயாச்சு!" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. "படுத்திருக்கிறவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

போதகருக்கு முகம் சுண்டிப்போனது. குனிந்து, "கூட்டச் சொல்லட்டுமாம்மா?" என்றார்.

"சொல்லுங்க. அந்தப் படிவத்தையும் கையெட்டுற தூரத்துல வைங்க. கையெழுத்துப் போடறதும் போடாததும் என் இஷ்டம்."

அவருக்கு அதைக் கிழித்தெறியக் கை துறுதுறுத்தது. ஆனாலும் எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

ஒன்பதாம் நாள் மதியம், சின்னவள் தலைவாரிவிட்டுக்கொண்டிருக்கும்போதே அக்காவின் மூச்சு அடங்கியது. படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

"உங்க ஜெபம் கேட்கப்பட்டது ஐயா. கர்த்தருக்குக் கீழ்ப்படிஞ்சே போயிட்டா," என்றார் சபை மூப்பர்.

"அவ யாருக்கும் கீழ்ப்படியல," என்றார் போதகர். "எனக்கும்தான்."

அடக்க ஆராதனையில், காவி உடுத்திய சின்னவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தார். பின்னால் முணுமுணுப்பு எழுந்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.