அக்கரையிலிருந்து அழைத்து வந்தவர்

பரானா ஆற்றங்கரை ஊரான புவேர்ட்டோ லுசேனாவில் போரை ஆதரித்தவர் யார் என்று 1984-இல் யாராவது கேட்டிருந்தால், ஓர் ஆள்கூடத் தேறியிருக்கமாட்டார். இரண்டு வருடத்துக்கு முன்பு, ஆங்கிலேயரிடமிருந்து மால்வினாஸ் தீவுகளை மீட்டுவிட்டோம் என்று நாட்டை ஆண்ட ஜெனரல் வானொலியில் முழங்கிய அன்று, இதே ஊர்ச் சதுக்கத்தில் நிற்க இடமில்லை. மாதா கோயில் மணியை அடித்த அடியில் கயிறே அறுந்து விழுந்தது. எழுபத்து நான்கு நாளில் போர் தோற்று, ஜெனரலும் நாற்காலியை விட்டு இறங்கியதும், அவ்வளவு பெரிய கூட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சதுக்கத்துக்கு எதிரே முடிதிருத்தும் கடை வைத்திருந்த எலாடியோவும் அப்படிக் காணாமல் போனவர்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஜெனரலின் படத்தைச் சவரக்கத்தியால் சுரண்டி எறிந்தார். வாடிக்கையாளர் யாராவது ஜெனரலைத் திட்டினால், தன் பங்குக்கு இரண்டு வசவு சேர்த்துக்கொண்டார். மகன் தாரியோ கடையில் இருக்கும்போது மட்டும் வாயைத் திறக்கமாட்டார்.

தாரியோவுக்கு இரண்டு பாதங்களிலும் முன்பாதி கிடையாது. கொரியெந்தஸ் மாகாணத்து வெயிலில் வளர்ந்து, பனி என்றால் என்னவென்றே அறியாத பையனை, அந்தத் தீவுக் குளிரில் தண்ணீர் ஊறிய பதுங்குகுழியில் ஓட்டைப் பூட்ஸோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தார்கள். கால் அழுகிவிட்டது. நடந்தது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது அவன் கடை மூலையில் உட்கார்ந்து கத்திகளைத் தீட்டிக்கொடுக்கிறான்.

ஒரு சனிக்கிழமை காலை, லூர்தெஸ் என்ற பெண் தலைநகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தாள். ஜெனரலையும் அவருடைய போரையும் பற்றிப் புத்தகம் எழுதுகிறாளாம். நாற்காலியில், முகமெல்லாம் சோப்பு நுரையோடு, பழைய படகோட்டி பசிலியோ சாய்ந்திருந்தார். காத்திருந்த மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டார்.

"எழுதிக்கம்மா. எங்க ஊர்ல எவனும் இந்தப் போர் வேணும்னு கேக்கல. எல்லாம் அந்தக் குடிகார ஜெனரல் பண்ண வேல."

"அப்ப சதுக்கத்துல கொடி ஆட்டுனது யாருய்யா? மேய வந்த மாடா?" என்றார் பசிலியோ. கடையே சிரித்தது. "விடுங்கப்பா. ஜெனரல் இருக்கற வரைக்கும் நமக்கென்ன கவல? சரித்திரத்துல அவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஊர்ப்பட்ட பாவத்த எல்லாம் அவன் தலையிலயே கட்டிரலாம்."

லூர்தெஸும் சிரித்துவிட்டு எலாடியோ பக்கம் திரும்பினாள். "ஐயா, உங்க மகன் கட்டாய ராணுவப் பயிற்சி முடிச்சு வீட்டுக்கு வந்தவர்தானே? திரும்ப எப்படிப் போனார்?"

எலாடியோவின் கத்தி பசிலியோவின் தாடையிலேயே நின்றுவிட்டது.

எப்படிப் போனான் என்று அந்தக் கடையில் மூன்று பேருக்குத் தெரியும். பயிற்சி முடித்தவர்கள் எல்லாரும் திரும்பி வரவேண்டும் என்று தந்தி வந்த அன்றே, அவன் அம்மா ஹெர்மினியா அவனைப் பரானா ஆற்றுக்கு அக்கரையில், பராகுவே நாட்டில் இருந்த தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அங்கே எந்த ராணுவமும் வந்து தேடியிருக்காது. ஆனால் கிளப்பில் சீட்டாடும்போது எவனோ, "உங்க பையன் ஆத்தத் தாண்டிட்டானாமே, நீச்சல்ல கெட்டிக்காரன்தான்" என்று குத்திக்காட்டினான். எலாடியோவுக்கு அது பொறுக்கவில்லை. பசிலியோவின் படகை வாங்கிக்கொண்டு தானே துடுப்புப் போட்டுப் போனார். மரவள்ளித் தோட்டத்தில் நின்ற மகன், "நான் வரலப்பா, பயமா இருக்கு" என்றான். "நம்ம பெனீத்தஸ் குடும்பத்துல கோழை பொறந்ததில்ல" என்று சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தார். இதே நாற்காலியில் உட்காரவைத்து, தன் கையாலேயே தலையை ஒட்ட வெட்டி, பேருந்தில் ஏற்றிவிட்டுக் கையும் ஆட்டினார். ஹெர்மினியா இன்றுவரை அவருக்குச் சோறு போடுகிறாள், பேசுவதில்லை.

எலாடியோ திணறுவதைப் பார்த்த பசிலியோ, நுரை வழிந்த வாயாலேயே சிநேகிதனுக்குக் கைகொடுத்தார். "எப்படிப் போவான்? ஜீப்புல வந்து அள்ளிட்டுப் போனானுங்க. பாவம், எலாடியோ கதவுக்குக் குறுக்க நின்னு கெஞ்சினான். எங்க கேட்டானுங்க!"

எலாடியோ ஆமாம் என்று தலையை ஆட்டினார். ஆட்டிய பிறகுதான் ஆட்டிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

லூர்தெஸ் ஒலிவாங்கியை மூலைக்கு நீட்டினாள். "அப்படியா தாரியோ? உங்களப் பிடிச்சிட்டுத்தான் போனாங்களா?"

தாரியோ கத்தியைத் தீட்டுவதை நிறுத்தினான். அப்பாவை ஒரு தடவை பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எலாடியோ தாங்கியிருப்பார். அவன் பார்வையில் இரக்கம் இருந்தது.

"ஆமாங்க," என்றான். "ஜீப்புலதான் வந்தாங்க."

எலாடியோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. அரைப் பாதத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை, ஊர் முன்னால் அப்பன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான். அந்த மானத்துக்காகத்தானே இவனை இழுத்து வந்தோம் என்று நினைத்தார். கத்தியை மேசைமேல் வைத்துவிட்டார்.

"ஜீப்பும் வரல, ஒண்ணும் வரல," என்றார்.

"டேய் எலாடியோ, சும்மா இருடா," என்றார் பசிலியோ.

"நீ பேசாத. அம்மா, இத எழுதிக்க. இவன் அக்கரைல பத்திரமாத்தான் இருந்தான். நான்தான் படகுல போய் இழுத்துட்டு வந்தேன். ஜெனரல் எங்கிட்ட வந்து, உன் பையனக் குடுன்னு கேக்கல. ரேடியோல அந்தாளு பேசினப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது. எவனோ ரெண்டு வார்த்த கிண்டல் பண்ணான்னு பெத்த பிள்ளயக் குடுத்தேன். அந்தாளுக்கு ஒரு பக்கம் எழுதறியே, அதுல என் பேரயும் போடு."

கடையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மருந்துக்கடைக்காரர் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஏதோ வேலை இருப்பதாக முணுமுணுத்தபடி நழுவினார். எலாடியோ, சொல்லிவிட்டோம், இனி நெஞ்சில் பாரம் இருக்காது என்று மகனைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் பெருமையாகக்கூடப் பார்த்தார்.

தாரியோவின் முகத்தில் அந்த இரக்கம் இப்போது இல்லை.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்ப்பா," என்றான். "அந்தப் படகுல நானும்தான இருந்தேன். ரெண்டு வருஷமா தெனமும் இந்த மூலைல உக்காந்திருக்கேன். நீங்க இந்த நாற்காலியில வேல பாத்துட்டே இருந்தீங்க. என்னிக்காவது எங்கிட்ட ஏதாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன். இவங்க மெஷினப் போட்டதும் சொல்லிட்டீங்க."

லூர்தெஸ் சட்டென்று கருவியை நிறுத்தினாள். எலாடியோ மகன் அருகே போய் நின்றார். குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை.

"உங்கிட்ட நான் என்னடா சொல்லணும்?" என்றார்.

"அதையும் நானே சொல்லித் தரணுமாப்பா?" என்றான் தாரியோ.