இறக்கையின் அடிப்பக்கம்

அடிப்பக்கத்துக்குக் கறுப்பு ஒட்டலாம் என்று முதலில் சொன்னது நானா, ஃபெலிக்ஸா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் சொன்னதாகத்தான் நினைவு. அந்த நினைவை முழுதாக நம்பவும் முடியவில்லை.

என் கணவர் சம்பந்தம் ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானங்கள் செய்வார். அந்த மாதம் அல்வாலில் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளை விமானம் கிடந்தது. முந்தையது தரையில் மோதி நொறுங்கியிருந்தது. காற்று என்றார். அதே வாரம் பட்டான்செருவில் கம்பெனிக்குப் போகிற வழியில், நின்றிருந்த ஆட்டோவில் பைக்கை உரசினார். அதற்கு வெயிலைச் சொன்னார். கண்ணைக் காட்டலாம் என்றால் எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு நாளும் அவர் பைக் சத்தம் திரும்பி வரும்வரை எனக்குப் புத்தகத்தில் ஒரு வரி நகராது.

இறக்கையின் மேலும் கீழும் ஒரே மாதிரி மெல்லிய சிவப்புக் கோடுகள் வேண்டும் என்று, சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் ஃபிலிமை வெட்டினார். கோடுகள் கோணலாக வந்தன. வீட்டிலேயே சட்டை தைத்துக் கொடுப்பவள் நான், கத்தியை வாங்கிக்கொண்டேன். ஒட்டுவதும் என் வேலையாயிற்று. நடுவிலிருந்து ஓரத்துக்குச் சின்ன அயர்ன் பாக்ஸால் தேய்க்க வேண்டும். சூடு மிஞ்சினால் ஃபிலிம் சுருங்கும், குறைந்தால் உள்ளே காற்று நின்று கொப்புளிக்கும்.

அவரோடு விமானம் விடும் ஃபெலிக்ஸ் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன சிஸ்டர், சட்டையெல்லாம் முடிஞ்சு ஏரோப்ளேனுக்கு வந்துட்டீங்களா?"

"இதுலயும் காலர் சரியில்லைன்னு சொல்லாதே" என்றேன். பிறகு, "அடியில அகலமா கறுப்பு போட்டா, தலைகீழாப் போனா உடனே தெரியுமே."

"நக்கோ, வேணாம், அசிங்கமா இருக்கும்" என்றார் சம்பந்தம். "எது மேல எது கீழன்னு எனக்குத் தெரியாதா?"

"ஹவ் பாய், ஆமா, போன தடவை தெரிஞ்ச மாதிரி."

சொல்லிவிட்டு ஃபெலிக்ஸ் மட்டும் சிரித்தார்.  பிறகு சம்பந்தம் கறுப்பு ஃபிலிம் சுருளை என் பக்கம் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மேட்சல் தாண்டி, வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டுக்குப் போனோம். விமானம் சுகமாக எழும்பியது. தூரத்தில் திரும்பும்போது புரண்டது. கறுப்புப் பட்டைகள் எனக்குப் பளிச்சென்று தெரிந்தன.

சம்பந்தம் ஃபெலிக்ஸின் காதில் விழாதபடி என்னிடம் கேட்டார். "இப்போ கறுப்பா, வெள்ளையா?"

ஒரு சொல் போதும், விமானம் தப்பிவிடும். திங்கட்கிழமை பைக் சாவியும் அவர் பையிலேயே இருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை.

"சொல்லும்மா."

விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கழுத்தில் மாட்டியிருந்த ரிமோட்டைக் கழற்றி ஃபெலிக்ஸிடம் நீட்டினார்.

"நீ பிடி. எனக்குத் தெரியலை."

ஃபெலிக்ஸ் ஒன்றும் கேட்காமல் வாங்கி, புதருக்குச் சற்று மேலே விமானத்தை நிமிர்த்தி, முழுசாக இறக்கினார்.

மறு வாரம் கண் ஆஸ்பத்திரியில், அழுத்தம் ஏறிக் கண் நரம்பு கெட்டிருக்கிறது என்றார்கள். போன பார்வை வரவில்லை. மிச்சம் சொட்டு மருந்தில் நிற்கிறது. பைக்கை விற்றுவிட்டோம், சம்பந்தம் கம்பெனி பஸ்ஸில் போகிறார். ஃபெலிக்ஸ் அந்த விமானத்தைக் கொஞ்ச காலம் பறக்கவிட்டார், பிறகு மஸ்கட்டில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போய்விட்டார். நானும் சம்பந்தமும் அதே அல்வால் வீட்டில் இருக்கிறோம். அன்று ஏன் பதில் சொல்லவில்லை என்று அவர் கேட்டதில்லை.