ஆள் ஏறாத பெட்டி

இடுப்புக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடம். அங்கே ஆணி அடித்த மாதிரி வலி. விமானத்தின் வயிற்றுக்குள் நிமிர முடியாது. முட்டி போட்டுத்தான் பெட்டி அடுக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக நான் தின்னும் சோறு முட்டி போட்டுச் சம்பாதித்ததுதான். சாமியிடம்கூட நீ இவ்வளவு நேரம் முட்டி போட்டதில்லை என்பாள் என் மனைவி.

அன்று மத்தியானம் நூற்று அறுபது பெட்டி. முன் அறையில் பாதி, பின் அறையில் பாதி. கதவைச் சாத்தப் போகும்போது வயர்லெஸ்ஸில் குரல் வந்தது. ஒரு பயணி வரவில்லை, அவர் பெட்டியை இறக்கு.

ஆள் ஏறாவிட்டால் பெட்டியும் ஏறக் கூடாது. பல வருஷத்துக்கு முன்பு பெட்டியை மட்டும் ஏற்றி அனுப்பி, நடுவானில் ஒரு விமானத்தைச் சிதறடித்தார்களாம். அதற்குப் பிறகு நாடு நாடாக உட்கார்ந்து பேசிக் கொண்டுவந்த விதி என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். மாநாடு, ஒப்பந்தம் எல்லாம் பெரிய ஆட்கள் செய்தது. கடைசியில் அந்த விதி வந்து உட்கார்ந்தது எங்கள் இடுப்பில்.

ஒவ்வொரு பெட்டியின் சீட்டிலும் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். பெட்டி உள்ளே போகும்போதே அதை உரித்து, எந்த அறையோ அந்த அறைக்கான தாளில் ஒட்ட வேண்டும். வலி தாங்காமல் அன்றைக்கு நான் எல்லாவற்றையும் பெட்டிகள் வண்டியில் இருக்கும்போதே உரித்து ஒட்டிவிட்டேன். என் கூட்டாளியைப் பயில்வான் என்போம், ஊதினால் பறந்துவிடுவான். மழை வருகிறது என்று அவன் அவசரத்தில் வண்டிகளை மாற்றி இழுத்துப் போயிருக்கிறான்.

தாள் முன் அறை என்றது. எண்பது பெட்டியையும் இறக்கினோம். இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, வண்டி மாறியிருக்கிறது, பெட்டி பின் அறையில் கிடக்கிறது. அதைச் சொன்னால் தாள் தப்பு என்றாகும். தாள் விஷயத்தில் ஏற்கனவே இரண்டு எச்சரிக்கை வாங்கியவன் நான். மூன்றாவது வந்தால் வேலை இல்லை. மகளுக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருந்தது.

பாதுகாப்புத் துறை அதிகாரி வந்தாள். சின்னப் பெண். அரசாங்க வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. பெட்டி விமானத்துக்கே வரவில்லை, கட்டடத்துக்குள்ளே பெல்ட்டிலேயே எங்காவது நின்றிருக்கும், ஸ்டிக்கர் மட்டும் கழன்று வேறு பெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். பயில்வான் தரையைப் பார்த்தான். மேலே பைலட் நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பெட்டி ஏறவில்லை என்று எழுத அவள் பேனாவை எடுத்தாள்.

"அண்ணே, இதுல நீங்களும் கையெழுத்துப் போடணும். போடுவீங்கல்ல?"

போடுவேன் என்று வாய் சொன்னது. கை நீளவில்லை. மேலே ஜன்னல் கண்ணாடியில் ஒரு குழந்தை மூக்கை நசுக்கிக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தது. அவள் என் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பேனாவைச் சட்டைப்பையில் செருகிவிட்டுப் பின் அறைக்குள் ஏறினாள்.

நானும் ஏறினேன். எனக்குச் சமமாக முட்டி போட்டு அவளும் இழுத்தாள். பயில்வான் வாசலில் நின்று வாங்கி வாங்கி இறக்கினான். நாற்பது பெட்டிக்கு மேல் போன பிறகு கிடைத்தது. பழுப்பு நிறம், கைப்பிடியில் சிவப்பு நூல். அதை என் பக்கம் தள்ளிக்கொண்டே, வெளியே கேட்காதபடி சொன்னாள்.

"எழுதாம விட என்னால முடியாதுண்ணே. ஆனா நாங்க கண்டுபிடிச்சா ஒரு மாதிரி, நீங்களா சொன்னா வேற மாதிரி, விதியே அப்படித்தான். இந்தப் பெட்டி தரையத் தொடறதுக்குள்ள சொன்னீங்கன்னா, நீங்களா சொன்னதுதான்."

சொன்னேன். ஸ்டிக்கரை முன்னாடியே ஒட்டியது, வண்டி மாறியது, இடுப்பு வலி எல்லாம். அவள் முட்டி போட்டபடியே எழுதிக்கொண்டாள். அடுத்த பெட்டிக்குக் கை நீட்டி வாசலில் நின்றபடி, உள்ள என்ன குடும்பக் கதையா ஓடுது, என் கை ஒடியுது என்றான் பயில்வான்.

மோப்ப நாய் வந்து மோந்து பார்த்தது. பெட்டியைத் திறந்தார்கள். துணி, செருப்பு, ஒரு பொம்மை ரயில். பெட்டிக்காரர் கழிவறையில் மயங்கி விழுந்து முதலுதவி அறையில் படுத்திருந்தாராம். இதுக்கா இவ்வளவு என்றான் பயில்வான். உள்ளே பொம்மைதான் இருக்கிறது என்று தெரிந்தா நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்?

ஐம்பது நிமிஷத் தாமதத்துக்கு அவள் மேலிடத்தில் ஏச்சு வாங்கினாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்கு ஒரு வாரம் சம்பளம் போனது, மறுபடி பயிற்சி வகுப்பு. வேலை போகவில்லை. மகள் படிப்பை முடித்து இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இடுப்புக்கு அவள்தான் மாத்திரை கொடுக்கிறாள்.

நடந்தது எல்லாம் அந்த அறிக்கையில் இருக்கிறது. பெட்டி வரவே இல்லை என்று நான் சொன்னது மட்டும் இல்லை. அதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமில்லை, அந்த அதிகாரிப் பெண்ணும் கேட்கவில்லை. சில நாள் வெயிலில், ஏதாவது ஒரு விமானத்தின் இறக்கைக்கு அடியில் நின்று, காற்றில் பறக்கும் தாளை மார்போடு அழுத்திக்கொண்டு பெட்டி எண்ணுகிறாள். இரண்டு தடவை போய் நன்றி சொன்னேன். அது சுலபமாக வந்தது. அவள் முகத்துக்கு நேரே சொன்ன பொய்க்கு ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். அது இன்னும் பாக்கி.